பெட்டிக்குள் இரண்டு கிலோ உப்பு

காலை ஐந்து மணிக்குக் கிளம்பிய கார், பதினோரு மணிக்கு ஒரு லாரியின் முதுகைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தது. பண்டிகைக்கு ஊர் போகிறவர்கள் அத்தனை பேரும் பேசி வைத்துக்கொண்டு இந்த ஒரே சாலைக்கு வந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

சென்ற வாரத்தைத் தவறவிட்டவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். ஒரே ஐஸ்கிரீம் பட்டறையில் தோளோடு தோள் நின்ற அண்ணனும் தம்பியும் ஆறு வருஷத்துக்கு முன்னால் முட்டிக்கொண்டு பிரிந்தார்கள். பட்டறை அண்ணனிடம் நின்றது. தம்பி பத்து மணி நேரப் பயணத் தொலைவில் சின்னதாக ஒரு கடை போட்டான். அதன் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இந்தப் பண்டிகைக்காவது எல்லோரும் அண்ணன் வீட்டில் கூட வேண்டும் என்று அவர்களுடைய அப்பா நச்சரித்து, மூத்த மருமகள் போனில் அழைத்து, ஒருவழியாகப் பயணம் கிளம்பியாயிற்று.

காரில் சீட்டு ஐந்து, ஆள் நான்கு. நடுச் சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது ஐஸ்பெட்டி.

அதன் ஒருபக்கம் அந்த அப்பா, மருமகள்களுக்கு மாமனார். முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பின்சீட்டில் உட்கார்ந்து வருவது அவருக்கு ஒரு தண்டனை. மறுபக்கம் அவருடைய மகள், தையல் டீச்சர். முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவன் தம்பிக்காரன், ஊரார் வாயில் ஐஸ்காரன். பக்கத்தில் அவன் மனைவி. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தடுப்பூசிகள் வைக்கிற குளிர் அறைக்குப் பொறுப்பாளி. புகுந்த வீட்டில் அவளைச் சின்ன மருமகள் என்பார்கள்.

ஆக, அந்த வீட்டில் குளிரை வைத்துப் பிழைப்பவர்கள் இரண்டு பேர். ஆனால் இரண்டு பேர் குளிரும் ஒன்றல்ல. உறையாவிட்டால் அவனுக்குத் தொழிலே இல்லை. உறைந்துவிட்டால் அவளுக்கு வேலையே போய்விடும்.

"கிளட்ச்சை மிதிச்சுக்கிட்டே நிக்காதடா. நியூட்ரல்ல போடு" என்றார் மாமனார்.

"நியூட்ரல்லதாம்ப்பா இருக்கு."

"அப்ப ஏன் வண்டி துடிக்குது?"

"வண்டி துடிக்கலப்பா, நீங்க காலை ஆட்டிட்டே இருக்கீங்க."

உண்மைதான். கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது. அவன் விரல் ஸ்டியரிங்கில் தாளம் போட்டது. தையல் டீச்சர் கண்ணாடியை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருந்தாள். சின்ன மருமகள் ஒன்பதாவது தடவையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றரை மணி நேரத்தில் பன்னிரண்டு கிலோமீட்டர். நடந்தே வந்திருந்தால் வழியில் நாலு பேரிடம் பேசிக்கொண்டாவது வந்திருக்கலாம்.

"அண்ணே, தொண்டை காயுது. ஒரு ஜூஸ் எடுத்துக்கட்டுமா?"

"இப்பதானே திறந்தே?"

"ஒன்பது மணிக்குத் திறந்தேன். நீதானே ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு சட்டம் போட்டே? மணி பதினொண்ணு. சட்டப்படிதான் கேக்கறேன்."

"சரி, எடு. மூடியப் பாதிதான் திறக்கணும். எண்ணி மூணு செகண்டு."

ஐஸ்காரன் பின்கண்ணாடியில் அவளையே பார்த்தான். பெட்டிக்குள் தயிர், வெண்ணெய், வேகவைத்த முட்டை, ஜூஸ் பாட்டில்கள் என்று என்னென்னவோ இருந்தன. அவன் கண்ணுக்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஐந்து லிட்டர் டின் நிறைய ஐஸ்கிரீம். இரண்டு நாள் ராப்பகலாகக் கிண்டி, சுவைத்து, பிடிக்காமல் கொட்டி, மறுபடி கிண்டியது. அதை உருகாமல் அண்ணன் முன்னால் வைக்க வேண்டும் என்பதைத் தவிர இந்தப் பயணத்தில் அவனுக்கு வேறு நினைப்பில்லை. வாயால் சமாதானம் பேச வராத ஆட்கள் இப்படித்தான் ஏதாவது ஒன்றைச் சுமந்துகொண்டு போவார்கள்.

தையல் டீச்சர் பாட்டிலை எடுத்தாள். கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை.

"கல்லு மாதிரி இருக்குண்ணே! குடிக்கிறதா, கடிக்கிறதா?"

அவன் முகம் மலர்ந்தது. "ஆறு மணி நேரம் ஆச்சு, பாத்தியா? தொழில்காரன் கட்டின பெட்டி!"

எல்லோரும் சிரித்தார்கள், சின்ன மருமகளைத் தவிர.

"அடியில இருந்த பாட்டிலா அது?" என்று திரும்பிக் கேட்டாள்.

"இல்லண்ணி, மேலாகத்தான் இருந்துச்சு."

வெறும் ஐஸ் பக்கத்தில் இருந்தால் ஜூஸ் ஜில்லென்று ஆகும். கல்லாகாது. அவள் சீட் பெல்ட்டைக் கழற்றினாள். "வண்டிதான் நிக்குதே. ஒரு நிமிஷம் பெட்டியப் பாத்துடறேன்" என்றாள்.

"ஒண்ணும் வேணாம். திறந்து திறந்து மூடினா எதுவும் நிக்காது. சாப்பிட நிறுத்தறப்ப பாரு."

அதே நேரம் பார்த்து லாரி நகர்ந்தது. பின்னாலிருந்து ஹாரன் அலறியது. "எடுடா, எடுடா, இடம் விட்டா நுழைஞ்சிடுவான்" என்று மாமனார் சீட்டின் நுனிக்கு வந்தார். அவள் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்படித் திரும்பிக்கொண்டதற்காக அன்று முழுக்கத் தன்னைத் தானே திட்டிக்கொள்ளப் போகிறாள்.

*

ஒரு மணிக்கு, ஆற்றுப் பாலம் ஒன்றுக்குச் சற்று முன்னால், சாலையோரச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் நிறுத்தினார்கள். தகரக் கூரை, ஆறு மேசை, ஒவ்வொரு மேசையிலும் ஆள் எழுந்திருக்கக் காத்து நிற்கிற இன்னொரு குடும்பம். தையல் டீச்சர் கைப்பையை வீசி ஒரு மேசையைப் பிடித்துவிட்டாள்.

மாமனாருக்கு மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட வேண்டும். போன மாதம் இரண்டு நாள் ஊசியை ஏமாற்றிவிட்டு, 'போட்டாச்சு, போட்டாச்சு' என்று சொல்லிக்கொண்டே மயங்கி விழுந்து, நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அன்றிலிருந்து ஊசி சின்ன மருமகள் பொறுப்பு. காலை ஊசியைக் கிளம்பும் முன்பே போட்டுவிட்டாள்.

அவள் காருக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தாள்.

மருந்து டப்பாவை அவள் காலையில் துண்டில் சுற்றி எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருந்தாள். இப்போது மேலே காணோம். ஜூஸை நகர்த்தினாள், தயிரை நகர்த்தினாள். ஐஸ்கிரீம் டின்னுக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே, ஐஸுக்குள் புதைந்து கிடந்தது டப்பா. துண்டு விறைத்துப்போயிருந்தது. இழுத்து எடுப்பதற்குள் விரல்நுனிகள் சுரீரென்று வலித்து மரத்துப்போயின. வெறும் ஐஸ் இப்படிக் கடிக்காது.

விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு.

டப்பாவுக்குள் இரண்டு பாட்டில்கள். ஒன்று பாதி போட்டது, ஒன்று புதுசு. இரண்டும் வெள்ளைக் கல்.

மாதத்துக்கு ஒரு தடவை நர்சுகளை வரிசையாக உட்காரவைத்து அவள் சொல்லுகிற பாடமே இதுதான். சூடு பட்டால் மருந்து மெல்ல மெல்லத்தான் கெடும். உறைந்தால் அந்த நிமிஷமே செத்துவிடும். இருக்கிற மருந்தையெல்லாம் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள் என்பது இரண்டாவது பாடம். திறந்த பாட்டிலுக்கு ஐஸே வேண்டாம், வெயில் படாமல் பையில் இருந்தால் போதும் என்பதும் அவளுக்குத் தெரியாததல்ல. கார் அடுப்பாகக் கொதிக்குமே என்று பயந்து அதையும் சேர்த்துப் பெட்டிக்குள் வைத்தவள் அவள்தான். இருபது வருஷம் குளிரோடு பழகிய கைக்கு, குளிர் என்றாலே பத்திரம் என்று ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது.

"பெட்டில உப்புப் போட்டீங்களா?"

கை கழுவிவிட்டு வந்த ஐஸ்காரன் கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்: "ஆமா. நீ வீட்டைப் பூட்டிட்டிருந்தப்ப ரெண்டு கிலோ கல் உப்பு. உப்புச் சேர்ந்தாத்தான் ஐஸ் இன்னும் அதிகமாக் குளிரும். இல்லேன்னா ஐஸ்கிரீம் இந்நேரம் பாயசமாயிருக்கும்."

"மருந்தை ஏன் கீழே தள்ளினீங்க?"

"தள்ளலையே. மேலே இருந்தா மூடி திறக்கறப்பல்லாம் சூடு படும். அப்பா மருந்தாச்சே, நல்லா ஜில்லுனு இருக்கட்டும்னு நானேதான் பத்திரமா உள்ள வெச்சேன்."

அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. பாட்டிலை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

அவன் அதை ஆட்டிப் பார்த்தான். "கரைஞ்சா சரியாயிடும்ல?"

"உருகிப்போன ஐஸ்கிரீமை மறுபடி உறைய வெச்சா சரியாயிடுமா?"

"ஆகாது. மணல் மணலா..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நிறுத்தினான். இவ்வளவு நேரம் மினுமினுத்துக்கொண்டிருந்த முகம் ஒரே நொடியில் வற்றிப்போயிற்று. "ரெண்டுமேவா?"

"ரெண்டுமேதான்."

கடைக்குப் பக்கத்திலேயே ஒரு மருந்துக் கடை இருந்தது. காய்ச்சல் மாத்திரையும் இருமல் மருந்தும்தான் உண்டு என்றார் கடைக்காரர். "இன்சுலின்னா முன்னாடி டவுனுக்குத்தாங்க போகணும், இருபத்தஞ்சு கிலோமீட்டர். இந்த ஜாம்ல நாலு மணி நேரம் ஆகும். திரும்பிப் போனீங்கன்னா எதிர்ப்பக்கம் ரோடு காலி. ஆனா தொண்ணூறு கிலோமீட்டருக்குப் பெரிய கடை கிடையாது."

மேசைக்குத் திரும்பி வந்தபோது மாமனார் ரொட்டிக் கூடையைத் தன் பக்கம் இழுத்து வைத்திருந்தார். அவள் அதை எடுத்துத் தள்ளி வைத்தாள். விரலில் குத்தி மெஷினில் பார்த்தாள். சர்க்கரை இருநூற்று எண்பது.

"காரைத் திருப்பறேன்" என்றான் ஐஸ்காரன்.

"திருப்பினே, நான் இறங்கி நடந்தே அவன் வீட்டுக்குப் போயிடுவேன்" என்றார் மாமனார். "இப்ப திரும்பினா எப்பப் போய்ச் சேர்றது? ஒரு வேளை ஊசி போடலேன்னா செத்தா போயிடுவேன்?"

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க மாமா."

"பாட்டிலைக் கொண்டா. கைக்குள்ள வெச்சுச் சூடு பண்ணினா கரைஞ்சிட்டுப் போகுது."

வாங்கி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்ட ஆரம்பித்தார். சாப்பிட்டு முடித்த பக்கத்து மேசை கிளம்பிப் போய், அடுத்த குடும்பம் வந்து உட்கார்ந்துவிட்டது. இவர்கள் மேசைக்கு ஒரு தட்டும் வரவில்லை.

"பாரு, பால் மாதிரி ஆயிடுச்சு. போடு."

அவள் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து மெல்லச் சாய்த்தாள். கண்ணாடிச் சுவரில் திட்டுத் திட்டாக வெள்ளைத் துகள்கள் ஒட்டி நின்றன. "திரிஞ்சிடுச்சு மாமா. இதைப் போட்டா வேலையும் செய்யாது, எவ்வளவு உள்ளே போச்சுன்னும் தெரியாது. என் கையால போட மாட்டேன்."

பெரியவருடைய கண் சிவந்துவிட்டது. "எனக்கு இதெல்லாம் வேணாம்மா. ரெண்டு பசங்களும் ஒரு மேசைல உக்காந்து சாப்பிடறதப் பாத்தாப் போதும். ஆறு வருஷமா அது ஒண்ணுதான் கேக்கறேன். இதைக்கூடவா ஒரு புட்டி மருந்து கெடுக்கணும்?"

தையல் டீச்சர்தான் வாயைத் திறந்தாள். "பெரியண்ணனைக் கூப்பிட்டா என்ன? எதிர்ப்பக்கம் ரோடு காலிங்கறாங்க. அங்கேயே மருந்தை வாங்கிட்டு அவரு நமக்கு எதிர்ல வரட்டுமே. மூணு மணி நேரத்துல வந்துடலாம்."

எல்லோரும் ஐஸ்காரனைப் பார்த்தார்கள்.

"நீயே பேசு" என்றான் தங்கையிடம்.

"உப்புப் போட்டது நானா?" என்றாள் அவள்.

அவன் எழுந்து கடை வாசலுக்குப் போனான். அங்கிருந்து காருக்குப் போனான். காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தான். சின்ன மருமகள் மாமனாரின் போனில் எண்ணை எடுத்து, ஸ்பீக்கரைத் தட்டி அவன் முன்னால் வைத்தாள். நாலாவது மணியில் எடுத்தார்கள்.

"சொல்லுங்கப்பா."

"நான்தான்" என்றான் ஐஸ்காரன்.

அந்தப் பக்கம் என்னவோ இயந்திரம் கடகடத்துக்கொண்டிருந்தது. பிறகு, "அப்பாவுக்கு என்னடா?" என்று அண்ணனின் குரல் பதறியது.

"அப்பா நல்லாத்தாண்ணே இருக்காரு. மருந்துதான் உறைஞ்சு கெட்டுப்போச்சு. நான்தான்... பெட்டியில உப்புப் போட்டேன்."

"எவ்வளவு?"

"ரெண்டு கிலோ."

"ஐஸ்?"

"பன்னெண்டு கிலோ."

"மேலாகத் தூவினியா, அடுக்கடுக்காப் போட்டியா?"

"அடுக்கடுக்கா."

"அடுக்கடுக்காப் போட்டா உறையாம என்னடா செய்யும்! அதுக்குப் பக்கத்துலயா மருந்தை வைப்பே?"

ஆறு வருஷம் பேசாதவர்கள் பேச ஆரம்பித்து உப்புக் கணக்கில் போய் நிற்கிறார்களே என்று சின்ன மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனைப் பிடுங்கினாள். மருந்தின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். "ஐஸ் வைக்கவே வைக்காதீங்க. ஈரத்துணில சுத்தி, வெயில் படாம எடுத்துட்டு வாங்க. நாங்க பாலத்துக்கு இந்தப் பக்கம், தகரக் கூரை போட்ட சாப்பாட்டுக் கடைல இருக்கோம். மூணு மணி நேரத்துல வந்துடுவீங்கல்ல?"

"நாப்பது நிமிஷம்" என்றது குரல்.

"இல்ல, நாங்க இன்னும் ரொம்ப தூரத்துல..."

"தெரியுதும்மா. நாப்பது நிமிஷம்." போன் அணைந்தது.

"பதட்டத்துல என்னவோ சொல்றாரு" என்றாள் தையல் டீச்சர்.

மாமனார் போனையே பார்த்தார். இந்தச் சாலையில் எத்தனை வருஷம் பஸ் ஓட்டியவர். இங்கிருந்து மூத்த மகன் வீடு இருநூறு கிலோமீட்டர் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆடிக்கொண்டிருந்த கால் நின்றுவிட்டது.

*

சரியாக முப்பத்தெட்டாவது நிமிஷம், அடியெல்லாம் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு சின்ன லாரி எதிர்ப்பக்கத்தில் வந்து நின்றது. மீன் சந்தைகளுக்குப் பாளம் பாளமாக ஐஸ் கொண்டுபோகிற லாரி. அதிலிருந்து முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவர் இறங்கி, நின்ற வண்டிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து வந்தார். சட்டைப் பையின் மேல் கம்பெனி எண் தைத்திருந்தது. நடையை வைத்துத்தான் அது அண்ணன் என்று சின்ன மருமகள் கண்டுபிடித்தாள். அவள் வீட்டுக்காரனும் இப்படித்தான், இடது தோளை முன்னால் தள்ளிக்கொண்டு நடப்பான்.

வந்தவர் யார் முகத்தையும் பார்க்காமல் ஈரத்துணிப் பொட்டலத்தை அவளிடம் நீட்டினார். "ஐஸ் வைக்கல" என்றார்.

தேதியைப் பார்த்தாள். உருட்டினாள், சாய்த்துப் பார்த்தாள். திட்டு இல்லை, துகள் இல்லை, பாட்டில் முழுக்க ஒரே சீரான வெண்மை. இந்த வெண்மையை ஆயிரம் தடவை பார்த்தவள்தான். இன்றைக்குத்தான் அதைப் பார்த்து நிம்மதியாக மூச்சு விட்டாள். அளந்து எடுத்து மாமனாரின் வயிற்றில் போட்டாள். "அரை மணி கழிச்சுச் சாப்பிடலாம் மாமா."

பெரியவர் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார். கண்ணெல்லாம் மகனுடைய பூட்ஸில் இருந்தது.

"இது என்னடா சட்டை?"

"ஐஸ் ஃபேக்டரில வேலைப்பா. முன்னாடி டவுன்ல."

"எத்தனை நாளா?"

"எட்டு மாசமா. அங்கேயேதான் தங்கிக்கறேன்."

"அப்ப பட்டறை?"

மகன் மரத்துப்போய் வெடித்திருந்த விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். ஐஸ்காரன் அந்த விரல்களைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போது மேசை மேலிருந்த போன் அடித்தது. மூத்த மருமகள். மாமனாருக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில்தான் பேசுவார். பழக்கத்தில் தட்டிவிட்டார்.

"மாமா, எங்க வந்துட்டீங்க? இங்க எல்லாம் தயாரா இருக்கு. இவரும் இப்பதான் பட்டறையில இருந்து வந்தாரு. குளிச்சிட்டிருக்காரு. காலையில இருந்து தம்பி வரான், தம்பி வரான்னு ஒரே ஆர்ப்பாட்டம்."

குரலில் ஒரு பிசிறு கிடையாது. இத்தனை மாதமாகச் சொல்லிச் சொல்லி அவ்வளவு பழகிப்போயிருந்தது அந்தக் குரலுக்கு. தையல் டீச்சர் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். சின்ன மருமகள் அவள் கையை மேசைக்கடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மூத்த மகன் சாலையைப் பார்த்து நின்றார்.

"மாமா? கேக்குதா?"

"கேக்குதும்மா" என்றார் பெரியவர். கனைத்துக் குரலைச் சரிசெய்துகொண்டார். "அவன் மெதுவாவே குளிச்சிட்டு வரட்டும். ரோடெல்லாம் ஜாம். நாங்க வந்து சேர நேரமாகும்."

போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். மூத்த மகனுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு கடைக்காரரைக் கூப்பிட்டு, ஐந்து பேருக்குச் சாப்பாடு என்று சொன்னார்.